இறுதியாக, இன்னும் ஒரே ஒரு கருத்து

கிள்ளானில் ஒரு மண்டபம். அழைப்பிதழில் மாலை மணி 7 என்று போட்டிருக்கும். அதை நம்பி ஏழு மணிக்குப் போய்விடாதீர்கள். நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பவர் உங்களையும் ரெண்டு வரிசை போடச் சொல்லுவார். (போட்டிருக்கிறேன்.) எட்டு மணிக்கு "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்". எட்டே காலுக்கு டத்தோ வந்துவிட்டார் என்று ஒரு சலசலப்பு, இல்லை, வந்தது கேட்டரிங் வேன் என்று இன்னொரு சலசலப்பு. எட்டரைக்கு நிஜமாகவே வந்துவிடுகிறார். அப்புறம் அறிவிப்பாளர் டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசிப் படியில் "மற்றும் பொதுமக்களே" என்று நம்மைக் கண்டுபிடிக்கிறார்.

குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை எல்லாம் ஆகி ஒன்பது மணிக்குத் தலைமையுரை. ஒன்பதே முக்காலுக்குப் பின்கட்டிலிருந்து கோழிப் பிரட்டல் வாசனை புறப்பட்டு, வரிசை வரிசையாக நடந்து, மேடையையே தொட்டுவிடுகிறது. தலைவரும் மனிதர்தானே? தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார்: "இறுதியாக, இன்னும் ஒரே ஒரு கருத்து."

இதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஜனங்களுக்குத் தெரியும். இடைவேளை முடிந்தது, செகண்ட் ஹாஃப் இனிமேல்தான்.

இந்த வியாதி நமக்கு எங்கே தொற்றியது? தமிழனுக்கு மேடைப் பேச்சு ரத்தத்தில் ஊறியது, சங்க காலத்திலேயே மைக் பிடித்தவன் என்றெல்லாம் ஒரு நினைப்பு நமக்கு உண்டு. மன்னிக்கவும். சங்கப் புலவர் பாடினார், பரிசிலை வாங்கினார், அடுத்த ஊருக்குப் போய்விட்டார். காலட்சேபக்காரர் கதை சொன்னார், தொய்வு விழுந்தால் காப்பாற்ற ஜால்ரா இருந்தது. கோயிலில் ஒருவர் புராணச் செய்யுளைப் படிக்க, இன்னொருவர் பொருள் சொன்னார். பாட்டு இல்லை, ஜால்ரா இல்லை, கூட ஆளில்லை. தனி மனிதர் ஒருவர் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரே விஷயத்தை உரைநடையில் விளக்கு விளக்கென்று விளக்குவது? அது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வெள்ளைக்காரப் பாதிரியார் செய்த வேலை.

அந்தப் பாதிரியாருக்குப் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஆறுமுகம். வெஸ்லியன் பள்ளியில் வேலை. பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழாக்க உதவுவதும் அவர்தான். தமிழ் நடையைத் திருத்திக் கொடுத்துக்கொண்டே, இவர்கள் எப்படிக் கூட்டத்தைப் பிடிக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துவைத்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தன் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். பேசுபொருள் சைவம், பேசும் முறை மெதடிஸ்ட். கம்பெனி செலவில் டிரெய்னிங் முடித்துவிட்டு, கம்பெனிக்கு எதிர்த்தாற்போலவே கடை திறந்தார் என்று சொல்லலாம். அதுவும் இன்னும் ரிசைன் லெட்டர் கொடுக்காமலே!

வயது 25. 'நாவலர்' பட்டம் இரண்டு வருஷம் கழித்துத்தான் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து வந்தது. நம் காலத்தில் வரிசை கொஞ்சம் மாறிவிட்டது. முதலில் 'சொல்லின் செல்வர்' என்று நோட்டீஸ் அடித்துவிடுகிறோம், சொல்லைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

இந்த யாழ்ப்பாணத்துக் கதைக்கும் நம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. 1881-இல் கோலாலம்பூரை முதலில் நெருப்பு தின்றது, அதே வருஷக் கடைசியில் வெள்ளம் வந்து மிச்சத்தைக் கழுவியது. ஓலையும் பலகையும் போதும், இனிமேல் செங்கல்லால் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம் துரை உத்தரவு போட்டார். செங்கல் சுட்ட இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். பக்கத்திலேயே ரயில்வே வந்தது. ரயில்வேக்குக் கணக்கெழுத ஆள் வேண்டும், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் அதிகம் கேட்கக் கூடாது. துரைமார் யாழ்ப்பாணத்தைப் பார்த்தார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த கிளார்க்குமார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள்.

வந்தவர்கள் கோயில் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள். சங்கம் வைத்தால் என்ன நடக்கும்? கூட்டம் நடக்கும். கூட்டம் நடந்தால்? எழுந்து நின்று வரவேற்புரை, அமர்ந்தபின் நன்றியுரை, நடுவில் நம் கதி.

அந்தக் கிளார்க்குமார்களும் அவர்கள் கூட்டாளிகளும் சேர்ந்து 1904-இல் எழுப்பியதுதான் இன்றைக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் நிற்கிற விவேகானந்தா ஆசிரமம். வாசலில் சுவாமிஜி சிலை. கம்பீரம் என்றால் அப்படியொரு கம்பீரம். இந்த மனிதரா மேடை ஏறப் பயந்திருப்பார் என்று தோன்றும். வாருங்கள், கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று போனது கப்பல். அதாவது நம் ஊரைக் கடலிலிருந்தபடியே ஓரமாகத் தாண்டிப் போனவர். முன்னொரு காலத்தில் கடற்கொள்ளையர் ஒளிந்திருந்த இடங்களைக் கேப்டன் கைநீட்டிக் காட்டினாராம்; ஜப்பானிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கிள்ளானைப் பற்றி ஒரு வரி இல்லை. போகட்டும், அப்போது நம்மிடம் பக்குத் தே கடைகூட இருந்திருக்காது.

ஜூலைக் கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தால், சர்வமத மாநாடு செப்டம்பரில் என்கிறார்கள். பேச்சாளர் பட்டியல் மூடியாகிவிட்டது. அறிமுகக் கடிதம் கொண்டுவந்தீர்களா? இல்லை. எந்த அமைப்பின் சார்பில்? அதுவும் இல்லை. மெட்ராஸில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டிக் கப்பல் ஏற்றினார்களே, மாநாட்டுத் தேதியை யாராவது கேட்டிருக்க வேண்டாமா? இதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. தமிழ் விழாக் கமிட்டி அன்றைக்கும் தமிழ் விழாக் கமிட்டிதான்.

பாஸ்டன் பக்கம் போய், ஒரு ஹார்வர்ட் பேராசிரியரைப் பிடித்து, சிபாரிசுக் கடிதத்தோடு திரும்பி வந்தார். வந்த இடத்தில் மாநாட்டு அலுவலக முகவரியைத் தொலைத்துவிட்டார். ராத்திரி எங்கே தங்குவது? ரயில்வே சரக்கு யார்டில் ஒரு காலிப் பெட்டிக்குள் படுத்துத் தூங்கினார் என்பது அவர் வரலாற்றில் எல்லாரும் சொல்கிற கதை. பதினொரு வருஷம் கழித்து, உலகத்தின் இன்னொரு மூலையில், ரயில்வே கிளார்க்குமார்கள் அவர் பெயரில் ஆசிரமம் கட்டியதற்கு ஆயிரம் ஆன்மிகக் காரணம் இருக்கலாம். எனக்கென்னவோ இது டிபார்ட்மெண்ட் பாசம் மாதிரியும் படுகிறது.

செப்டம்பர் 11. மாநாடு தொடங்கிவிட்டது. அரங்கில் ஆறேழாயிரம் பேர் என்று அவரே எழுதுகிறார். காலையில் கூப்பிட்டார்கள். "இப்போது வேண்டாம், அப்புறம்." மறுபடி கூப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்." நாக்கு வறண்டுவிட்டது, நெஞ்சு படபடத்தது, காலையில் துணிச்சலே வரவில்லை என்று அளசிங்கருக்குப் பின்னால் எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். மற்ற எல்லாரும் எழுதித் தயார் செய்து கொண்டுவந்திருந்தார்கள், நான்தான் முட்டாள், கையில் ஒன்றுமில்லை என்கிறார். வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்கும்போது குனிந்து ஷூ லேஸ் கட்டுவோமே, அந்த ஜாதி! சிலையைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. சிலைக்கு நாக்கு வறளாது.

கடைசியில் தப்பிக்க வழியில்லை. மத்தியானத்துக்கு மேல் சரஸ்வதியை நினைத்துக்கொண்டு எழுந்தார். "அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே" என்றார். அவ்வளவுதான். இரண்டு நிமிடம் காது செவிடாகக் கைதட்டல். இன்னும் ஒரு கருத்துகூடச் சொல்லவில்லை ஐயா! விளித்ததற்கே இரண்டு நிமிடம்! நம் அறிவிப்பாளர்கள் அரை மணி நேரம் விளிக்கிறார்கள், கொட்டாவிதான் வருகிறது.

அன்றைய பேச்சு முழுவதையும் நிதானமாகப் படித்தாலே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாநாட்டுக்காரர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். விவேகானந்தரைக் கடைசியில் போட்டுவிட்டால் கூட்டம் எழுந்து போகாது. அவருடைய பதினைந்து நிமிடத்துக்காக ஜனங்கள் மற்றவர்களின் ஒன்றிரண்டு மணி நேரத்தைச் சிரித்த முகத்தோடு சகித்துக்கொண்டார்கள் என்று ஒரு பாஸ்டன் பத்திரிகை எழுதியது. கிள்ளானில் அந்த இடத்தில் நாம் வைத்திருப்பது கோழிப் பிரட்டலை.

அந்தக் காலத்துப் பேச்சாளர்களில் நீளத்துக்கு உலகக் கோப்பை யாருக்குப் போகும் என்று ஒரு விவாதம் வந்தால், நான் ஓர் அமெரிக்கருக்குக் கொடுப்பேன். வில்லியம் ஹென்றி ஹாரிசன். 1841 மார்ச் 4, ஜனாதிபதியாகப் பதவியேற்பு, குத்தும் குளிர். தான் இன்னும் கட்டிளங்காளை என்று காட்ட மேல்கோட்டும் தொப்பியும் போடாமல் நின்று, 8,445 வார்த்தைகள் பேசினார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஒரே மாதத்தில் காலமாகிவிட்டார். பேச்சுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, தண்ணீர்தான் காரணம் என்று இப்போது சில மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

நம் வள்ளுவர் இந்த விஷயத்தில் உஷார். சபையைப் புரிந்துகொள்ள ஓர் அதிகாரம், சபைக்கு அஞ்சாமலிருக்க ஓர் அதிகாரம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், சொல்வன்மைக்குத் தனியாக இன்னொன்று. மொத்தம் முப்பது குறள். ஒவ்வொன்றும் ஏழே சீர். அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தால் வாழ்த்துரை பத்து விநாடியில் முடிந்திருக்கும், விழாக் கமிட்டிக்குத்தான் கொடுத்த பொன்னாடை வீண் என்று தோன்றியிருக்கும்.

பொன்னாடை என்றதும் பெரியார் ஞாபகம் வருகிறார். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கி மலாயாவைச் சுற்றினார். 1954 கடைசியில் மறுபடி வந்தார். மாலை போட்டு வீணாக்காதே, அந்தக் காசை இயக்கத்துக்குக் கொடு என்பார். கையெழுத்துக்குக் கட்டணம், குழந்தைக்குப் பெயர் வைக்கக் கட்டணம். இன்றைய செலிபிரிட்டி மேனேஜர்கள் யாரும் இதைவிடத் தெளிவாக ரேட் கார்டு போட்டதில்லை. மேடையில் அவருடைய முக்கியமான வேண்டுகோள், நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள், உங்கள் புத்தியால் யோசித்துப் பாருங்கள் என்பது. இதைச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்! கூட்டமும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவர் சொன்னதற்காகவே அவரை நம்பிவிட்டுப் போகும்.

மொழி புரியாவிட்டால் பேச்சு எடுபடாது என்பார்கள். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தார். ஜூலை 9-ஆம் தேதி சிங்கப்பூர் பாடாங்கில் அவர் பேசும்போது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது, கூட்டம் அசையவில்லை. பிறகு மலாயா முழுக்கக் கூட்டங்கள். முன்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தோட்டத்து ஜனங்கள். போஸ் பேசியது ஹிந்துஸ்தானி. பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லச் சொல்லத்தான் விஷயம் இறங்கும். யூனிஃபார்ம், பூட்ஸ், அந்தக் குரல். சிம்பிளாகச் சொன்னால் சப்டைட்டில் போட்ட படம்.

கோலாலம்பூர்க் கூட்டத்தில் ஜானகி தேவர் என்று ஒரு பதின்ம வயதுப் பெண். நாட்டுக்காக உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள் என்று போஸ் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் ஜானகி காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெண் கூட்டத்துக்குப் போய்விட்டு வெறுங்காதோடு வந்தால் வீடு என்ன ஆகும்? பிரிட்டிஷ் சாம்ராஜ்யமெல்லாம் அப்புறம், முதலில் அம்மாவைச் சமாளிக்க வேண்டும். அவர் சமாளித்தார். போஸின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதன் துணைத் தளபதி அளவுக்கு உயர்ந்தார், பிறகு மலேசியாவில் செனட்டரும் ஆனார். போஸ் அன்றைக்கு விளக்கிய ராணுவ வியூகம் என்னவென்று எந்தத் தமிழ் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. தோட்டுக் கதை எல்லார் வீட்டிலும் தெரியும்.

மழை என்றால் இன்னொரு மழையும் உண்டு. 1957 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா ஸ்டேடியம். சுதந்திரம் வாங்கப் போகிறோம், மேள தாளம், பிரிட்டனிலிருந்து கோமகன் வந்து உட்கார்ந்திருக்கிறார், உலகமே பார்க்கிறது; காலையில் மழை வந்து நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டது. சுதந்திரமே தாமதமாகத்தான் தொடங்கியது என்பதால், நம் மண்டபக் கூட்டங்களை நான் இப்போதெல்லாம் ரொம்பத் திட்டுவதில்லை.

நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஓர் ஆச்சரியமான மனிதர். கேம்பிரிட்ஜில் 1925-இல் பட்டம் வாங்கினார், வழக்கறிஞர் ஆனது 1949-இல். நடுவில் யுத்தம் வந்தது, உத்தியோகம் வந்தது, கால்பந்து, குதிரைப் பந்தயம், நல்ல கார் எல்லாமே வந்தன. இப்படிப்பட்டவருக்கு அவசரம் என்பதே கிடையாது. ஆனால் மைக் முன்னால் நின்றபோது எது போதும் என்று தெரிந்திருந்தது. பிரகடனத்தை வாசித்தார். கையை உயர்த்தினார். "மெர்டேக்கா!" என்றார். ஒரே வார்த்தை, ஏழு தடவை. ஸ்டேடியம் திருப்பிக் கத்தியது. அன்றைய பிரகடனத்திலிருந்து ஒரு வரி சொல்லுங்கள் என்று இன்றைக்கு எந்தக் கோப்பிக் கடையில் கேட்டாலும் முழிப்பார்கள். அந்த ஏழு தடவையை மட்டும் ஏழு வயதுப் பையன்கூடக் கையை உயர்த்திச் செய்து காட்டுவான், எட்டாவதாக ஒன்று சேர்த்தும் காட்டுவான்.

அதே துங்குதான் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைத் தொடக்கி வைத்தார். கூட்டியவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவர், தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்தவர், கத்தோலிக்கப் பாதிரியார். இந்த வட்டத்தைக் கவனித்தீர்களா? 1847-இல் பாதிரியாரிடமிருந்து நாம் கடன் வாங்கிய கலை, 119 வருஷம் கழித்து ஒரு பாதிரியார் கைக்கே வட்டியோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் 16 முதல் 23 வரை. பல நாட்டு அறிஞர்கள். தமிழின் தொன்மை, தமிழின் இலக்கணம், தமிழின் பரப்பு என்று கட்டுரை மேல் கட்டுரை, பெரும்பாலும் ஆங்கிலத்தில்! காரணம் நியாயமானது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் புரிய வேண்டும், தமிழை உலக ஆய்வரங்கில் உட்காரவைக்க வேண்டும், அடிகளாரின் கனவே அதுதான். அது பலித்தது. ஆனாலும் பின்வரிசையில் வேட்டி கட்டி வந்து உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு தாத்தாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. 'தமிழ்', 'தொல்காப்பியம்' என்ற இரண்டு சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

மெட்ராஸ் முதல்வர் பக்தவத்சலமும் வந்திருந்தார். அடுத்த மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில் நடந்தபோது நாற்காலியில் அண்ணா. அங்கே கடற்கரையில் வரிசையாகப் பத்துச் சிலை வைத்தார்கள், ஊர்வலம் விட்டார்கள். கோலாலம்பூரில் அடிக்குறிப்பு, சென்னையில் சிலை. காக்காய்க்கு எது பயன்பட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, ஊரார் மானத்தை வாங்கியது போதும், என் கதைக்கு வருகிறேன். 1987-இல் மெக்கிண்டாஷ் கம்ப்யூட்டருக்கென்று பவர்பாயிண்ட் என்று ஒரு சாஃப்ட்வேர் வந்தது. ராபர்ட் காஸ்கின்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. முதலில் வைக்க நினைத்த பெயர் 'பிரசண்டர்'. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. அன்றுமுதல் நாக்கு வறள்கிறவர்களுக்கெல்லாம் ஒரு புது வசதி. கூட்டத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசலாம். விவேகானந்தரிடம் இது இருந்திருந்தால் 'சகோதரிகளே' என்பதை முதல் புல்லட் பாயிண்ட்டாகப் போட்டிருப்பார், ஒரு கைதட்டும் விழுந்திருக்காது.

கிள்ளான் பக்கம் ஒரு சங்கம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். 1941 தோட்டப் போராட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கொடுத்த நேரம் 20 நிமிடம். நான் தயார் செய்தது 42 ஸ்லைடு. ஸ்லைடுக்கு அரை நிமிடம்கூட இல்லை என்ற கணக்கு எனக்குத் தெரியாமலில்லை. 'இறுதியாக, இன்னும் ஒரே ஒரு கருத்து' கையில் இருக்கும்போது பயம் எதற்கு?

மேடையில் ஏறி லேப்டாப்பைத் திறந்தால் வயர் பொருந்தவில்லை. வேறு வயர் வந்தது, அதுவும் பொருந்தவில்லை. ஒரு தம்பி மோட்டாரில் பறந்து போய் மூன்றாவது வயர் கொண்டுவந்தார். பொருந்தியது. திரையில் நீல நிறத்தில் 'நோ சிக்னல்' என்று வந்தது. அதைத்தான் என் முதல் ஸ்லைடு என்று நினைத்து முன்வரிசை அக்கா ஒருவர் போட்டோ எடுத்தார்.

நாக்கு வறண்டது. நெஞ்சு படபடத்தது. சுவாமிஜிக்கும் எனக்கும் உள்ள ஒற்றுமை அத்துடன் முடிகிறது, எனக்கு யாரும் கைதட்டவில்லை. வேறு வழி? ஸ்லைடு இல்லாமல் பெரட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் சங்கு ஊதும், இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும், கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், துரை வந்து ஏதாவது சொல்லுவார். எழுந்து போக முடியாத ஆடியன்ஸ்! எல்லாத் தலைவர்களும் கனவு காண்கிற கூட்டம் அது. துரைமாருக்காகச் சிலோனில் ஃபெர்குசன் என்பவர் தமிழ்க் கையேடு ஒன்று போட்டார். தலைப்பு என்ன தெரியுமா? 'இங்கே வா'. மொழி கற்கிற புத்தகங்கள் வழக்கமாக வணக்கத்தில் தொடங்கும். இவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அந்தக் கூட்டத்தை வேறு விதமாகக் கூட்டியவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணை ஆசிரியர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். ஜனங்கள் காந்தி குல்லாய் போட ஆரம்பித்தார்கள். கோரிக்கைப் பட்டியல் ஒன்று தயாரானது. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடு. அதோடு இன்னொன்று: துரை எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலி உயர்வைக்கூடப் பேசித் தீர்க்கலாம் என்றிருந்தவர்களுக்கு இந்தச் சைக்கிள் சமாச்சாரம் சுருக்கென்று தைத்தது. ஒருவன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போனால் சாம்ராஜ்யம் சாய்ந்துவிடுமா? அவர்கள் பயந்ததைப் பார்த்தால் சாயும் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். 1941 மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பேச்சாளரை உள்ளே வைத்தால் பேச்சு நின்றுவிடும் என்று கணக்கு. கிள்ளானில் இருந்த வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. அவசரநிலை, பட்டாளம், துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. அதைச் சொல்லும்போது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதே வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். அவன் பட்டாளம் தெற்கே வந்ததில் பெரும் பகுதி சைக்கிளில்தான். அவர்களில் யாரும் துரையைப் பார்த்து இறங்கவில்லை.

முடித்துவிட்டேன். பதினெட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. சங்கத் தலைவர் நம்ப முடியாமல் கைக்கடிகாரத்தைக் குலுக்கிப் பார்த்தார். பின்னால் அந்தத் தம்பி "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்த, திரையில் என் 42-ஆவது ஸ்லைடு 'நன்றி' என்று பளிச்சென்று எரிந்தது.

சாப்பாட்டு வரிசையில் ஒரு பெரியவர் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். எண்பது தாண்டியிருக்கும். ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. சரி, பேச்சு எங்கேயோ போய்த் தொட்டுவிட்டது.

"தம்பி, அந்தச் சைக்கிள் கதை சொன்னீங்களே" என்றார். "எங்கப்பாவும் அப்படித்தான். தோட்டத்து ரோட்டுல எறங்கியே போவாரு."

"துரைக்குப் பயந்தா, ஐயா?"

"இல்லப்பா. அவருக்கு ஓட்டவே தெரியாது. வாங்குன நாள்லேருந்து தள்ளிக்கிட்டுதான் போனாரு." தட்டில் கோழிப் பிரட்டல் விழுந்ததும் திரும்பிப் பார்த்து, "குல்லா மட்டும் போட்டிருப்பாரு" என்றார்.